பதினெட்டாவது மாணவர்

மதிப்புக்குரிய அத்தானுக்கு,

இங்கு நாங்கள் நலம். அங்கு அக்காவும் தாங்களும் நலமாக இருக்க வேண்டும். அதைவிட முக்கியமாக, இன்று ஐந்து மணிக்குள் தாங்கள் மின்னஞ்சலைத் திறந்து பார்க்க வேண்டும். இப்போது மணி மூன்று பத்து.

கல்லூரியில் நான் இணையவழியில் நடத்தும் 'அலுவலகக் கடிதம் சுருக்கமாக எழுதுவது எப்படி' வகுப்பில் இந்த முறை அறுபது பேர் சேர்ந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. முதல்வர் கூப்பிட்டு, "ரொம்ப சந்தோஷப்படாதீங்க. பாதிக்கு மேல ஆளே இல்ல. யார் யார் பேர்லயோ சேர்ந்து உதவித்தொகைய வாங்கிட்டு ஓடிப்போற கும்பல். சனிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள களையெடுத்துப் பட்டியல் குடுங்க" என்றார். ஆழம் தெரியாமல் காலை விட்டேன். முகவரியைத் தேடிப் போனால், பதினோரு மாணவர்கள் ஒரே பூட்டிய சலவைக்கடையில் குடியிருக்கிறார்கள். கேமராவைப் போடச் சொன்னால், ஒருவர் இருபது நிமிடம் இமைக்காமல் என்னையே பார்த்தார். கவனமான பிள்ளை என்று பாராட்டிய பிறகுதான் அது புகைப்படம் என்று தெரிந்தது. அடையாள அட்டைகளோ அசலைவிட அசலாக இருக்கின்றன. கடைசியில் நானே ஒரு சோதனை கண்டுபிடித்தேன். போலி மாணவன் பாடத்தைச் சொன்ன நேரத்துக்கு அனுப்பி, "மிக்க நன்றி ஐயா" என்பான். உண்மையான மாணவனிடம் சாக்கு இருக்கும். லாரி ஓட்டுநர் ஒருவர், "சார், டயர் வெடிச்சிடுச்சு, நாளைக்கு அனுப்பறேன்" என்றபோது கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

இப்படிச் சலித்ததில் மிஞ்சியவர்கள் பதினேழு பேர். பதினெட்டுக்குக் குறைந்தால் வகுப்பை மூடிவிடுவார்கள் என்பது விதி. தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்வது என்பார்களே, அதுதான். வகுப்பு போனால் என் வேலையும் போகும். மனைவியிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன். அந்தப் பதினேழு பேரில் நர்ஸ் ஒருத்தி, "இந்த சர்டிபிகேட் இருந்தாதான் சார் பதவி உயர்வு. அடுத்த வருஷம் எனக்கு வயசு தாண்டிடும். வகுப்பு நடக்கும்ல?" என்று கேட்டாள். "நடக்கும்மா" என்று சொல்லிவிட்டேன்.

ஆகவே தாங்கள் சேர வேண்டும். பேருக்குச் சேருவது அந்தக் கும்பல் செய்யும் வேலை. தாங்கள் நிஜமாகவே படிக்க வேண்டும். வாங்கிப்போன என் ஏணியைத் திருப்பித் தராததற்கு மூன்று வருடமாகக் காரணம் சொல்கிறீர்கள், ஒருமுறை சொன்னதை மறுமுறை சொன்னதில்லை. தங்களைவிட உண்மையான மாணவர் எனக்கு எங்கே கிடைப்பார்?

அக்காவுக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசிகள்.

தங்களையே மலைபோல் நம்பியிருக்கும்,
மைத்துனன்

பி.கு.: மணி ஐந்து ஐந்து. நாலரைக்கு இதை அனுப்பப் போனபோது தங்கள் பெயரிலேயே ஒரு விண்ணப்பம் வந்து விழுந்தது. படம் சரி, அட்டை சரி. கூடவே முதல் பாடத்தையும் எழுதி, "காலந்தவறாமல் பயில்வேன். மிக்க நன்றி ஐயா" என்று முடித்திருந்தது. பாவிகள் என் அத்தான் பெயரையே திருடிவிட்டார்களே என்று ரத்தம் கொதித்து, 'போலி' என்று பதில் போட்டு வெட்டி எறிந்துவிட்டு, அந்த ஆத்திரத்தில் இந்தக் கடிதத்தையும் மறந்து, பதினேழு பேர் பட்டியலையே முதல்வருக்கு அனுப்பினேன். உடனே அக்கா போன் செய்தாள். "என்னடா பண்ணி வச்சிருக்க? உன் பொண்டாட்டி காலையிலயே எங்கிட்ட அழுதுட்டா. மச்சினனுக்காக ஒரு தடவையாவது சொன்ன நேரத்துக்குச் செஞ்சு குடுக்கணும்னு மனுஷன் சாப்பிடக்கூட எந்திரிக்காம எழுதினாருடா. அவருக்குப் போய் 'போலி'ன்னு பதில் வந்திருக்கு!" தாங்கள் கோபித்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறீர்களாம். முதல்வரிடம் ஓடிக் கெஞ்சினேன். "ஆறு மணி வரைக்கும் பொறுக்கறேன், ஆளை நேர்ல கொண்டாந்து நிறுத்துங்க" என்கிறார். அத்தான், தப்பு முழுக்க என்னுடையது. கோபத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம், உடனே புறப்பட்டு வாருங்கள். ஐந்தரைக்கே வந்துவிட்டீர்களானால், தாங்கள்தானா என்று ஒரு முறை கிள்ளிப் பார்ப்பேன். அதற்கும் சேர்த்தே மன்னித்துவிடுங்கள்.