முட்டுச்சந்தில் ஓர் இத்தாலிக் கார்

இனி என் மனைவியின் ஸ்கூட்டரில் பின்னிருக்கையில் அமர்வதில்லை என்று சங்கரநாராயணர் சன்னதியில் சூளுரைத்தேன். பெண் ஓட்டுவதை இழிவென்று கருதுபவன் அல்லேன் நான். ஆனால் நன்னெறி மன்றத்தில் ‘இல்லறத் தலைவனின் கடமைகள்’ பற்றி உரையாற்றுபவன், மடியில் கத்தரிக்காய்ப் பையுடன், வேகத்தடைதோறும் "மெதுவா, மெதுவா" என்று அலறியபடி மன்ற வாசலில் வந்திறங்கலாமா?

ஆகவே, பழைய கார் ஒன்று வாங்கத் துணிந்தேன்.

என் சேமிப்புக்கு எட்டியவை இத்தாலிக் கம்பெனியின் கார்களே. அந்தக் கம்பெனி இந்நாட்டில் விற்பனையை நிறுத்திச் சில ஆண்டுகளாகின்றன. உதிரிபாகத்துக்கு அலைய வேண்டுமென்று அஞ்சிப் பலர் ஒதுக்குவதால் விலை மலிவு. கதவைச் சாத்தினாலோ கோயில் கதவின் கனத்த ஓசை! ஊரார் ஒதுக்கினார்கள் என்பதற்காக ஒன்று தரம் தாழ்ந்துவிடுவதில்லை. மனிதருக்கும் இது பொருந்தும். எனினும், எளிதில் கிடைப்பதை இருமுறை பார்க்க வேண்டும். மாப்பிள்ளைக்கும் இது பொருந்தும்.

தென்காசியில் பார்த்த காருக்குப் பெயின்ட் புதிது, அடித்தகரம் சல்லடை. ராஜபாளையத்துக் கார் மிகக் குறைவாகவே ஓடியதாக மீட்டர் சத்தியம் செய்தது. பிரேக் மிதியின் ரப்பரோ மொட்டையாகத் தேய்ந்திருந்தது. வாய்மொழியை நம்பாதே, தேய்மானத்தைப் பார் என்று அன்று கற்றேன்.

மூன்றாவது, துபாயிலிருந்து விடுப்பில் வந்திருந்த கடையநல்லூர் ரிபாயியின் கார். அவர் நேர்மையாளர். அதுதான் தொல்லை.

"மறைக்க மாட்டேன் அண்ணாச்சி. எஞ்சின் தங்கம். ஆனா ரிவர்ஸ் கியர் விழாது. அதான் இந்த வெலைக்குத் தாரேன்."

"முன்னேறுதவனுக்கு ரிவர்ஸ் எதுக்கு வே? எங்க வீட்ல மட்டும் மூச்சு விடப்படாது."

"மதினி கேட்டா பொய் சொல்ல மாட்டேன். கேக்காட்டி வாயத் தொறக்க மாட்டேன்."

எங்கள் வீடு முட்டுச்சந்தின் கடைசி வீடு. முன்னோக்கி நுழைந்த கார் பின்னோக்கித்தான் வெளியேற முடியும். எனவே, மனைவி முத்துமீனாள் கோயிலுக்குப் போயிருந்த வேளையில், சந்து முனையில் காரைத் திருப்பி, ரிபாயி ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொள்ள, இருவருமாகப் பின்புறமாகவே தள்ளி வந்து வாசலில் நிறுத்தினோம். இனி முன்னோக்கி ஓட்டிக் காட்டினால் போதும்; குறை வெளிப்படாது.

ஸ்கூட்டர் வந்து நின்றது. முத்துமீனாள் காரை ஒரு சுற்று சுற்றினாள்.

"ஏங்க, ஏசி இருக்கா?"

"ஏசியா? ஊட்டி! உள்ள உக்காந்தா பல்லு தந்தியடிக்கும்."

"ஊட்டியில இருந்து எறங்குன ரெண்டு பேரும் ஏன் இப்படி வேர்த்து வடியுதீய?"

ரிபாயி வானத்தை ஆராய்ந்தார்.

"அது... சந்தோஷத்துல," என்றேன்.

"சரி. வண்டிக்கு எலுமிச்சம்பழம் வச்சு ஏத்தணும்லா?"

அகமகிழ்ந்தேன். அவள் உள்ளே போய்ப் பழங்களுடன் வந்தாள், குனிந்தாள், சக்கரத்துக்கு ஒன்றாக வைத்தாள். எல்லாம் சக்கரங்களுக்குப் பின்பக்கம்!

"ஏட்டி, முன்னாலல்லா வைக்கணும்!"

"எங்க அப்பா புளியங்குடி மார்க்கெட்ல எலுமிச்சை யாவாரம் பாத்தவுக. மூட்டையில மேல இருக்க பழத்தப் பாக்கவே மாட்டாவ. அடியிலதான் கைய விடுவாவ. தம்பி, கொஞ்சம் பின்னால எடுங்க."

"கேட்டுட்டிய மதினி. ரிவர்ஸ் விழாது," என்றார் ரிபாயி, நோன்பு திறந்தவரின் நிம்மதியோடு.

வசை மழைக்குக் காத்திருந்தேன். அவளோ அமைதியாகக் கேட்டாள்: "அப்ப இந்தச் சந்துல எப்படிங்க பின்னால எடுப்பீய?"

"எறங்கித் தள்ளுவேன். உழைப்பே உயர்வு!"

"நீங்க எறங்கித் தள்ளுனா, ஸ்டீயரிங்க யாரு பிடிக்க?"

ரிபாயியைப் பார்த்தேன்; அவரோ துபாய்க்குத் திரும்ப வேண்டியவர்.

அவள் பையிலிருந்து லைசென்ஸை எடுத்து நீட்டினாள். "ஸ்கூட்டர் பழகும்போதே காரும் சேத்துப் பழகிட்டேன்."

"சொல்லவே இல்லையே?"

"நீங்க கேக்கலையே."

"சரி, சந்துக்குள்ள நீ ஓட்டு. ரோட்டுல நான்—"

"சந்து முனையில நிப்பாட்டிச் சீட்டு மாத்திக்கிட்டு இருந்தா பின்னால வாரவன் வைய மாட்டானா? தம்பி, வெலையக் கொஞ்சம் கொறச்சு முடிங்க. சாவிய இங்கன தாங்க."

அன்பர்களே, தன்னிடமுள்ள குறையை ஒப்புக்கொள்பவனுக்கு விலைதான் குறையும். பிறர் கண்ணிலிருந்து குறையை மறைப்பவனோ, கடைசியில் அந்தக் குறையைத் தன் தோளாலேயே ஈடுசெய்ய நேரும். இதை நான் மன்றத்தில் இப்போது மேலும் உருக்கமாகப் பேசுகிறேன். ஸ்கூட்டரின் பின்னிருக்கையில் நான் அமர்வதில்லை, சூளுரை காக்கப்பட்டுவிட்டது.

எங்கள் காருக்கு முன்னால் செல்ல எஞ்சின் இருக்கிறது. பின்னால் செல்ல நான் இருக்கிறேன்.