கம்பம் மாற்றக் கோருதல்

போன மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதேன். தேனிக்குப் போயி, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு வந்து சேரணும்.

என்ன கேள்வியா? சொல்றேன்.

ஜெயமங்கலத்துல எங்க மாட்டுக்கொட்டத்து மேல ஒரு கரண்டு போஸ்ட்டு சாஞ்சு நிக்குது. கொட்டத்துக்குத் தகரக் கூரை. கம்பிக்கும் தகரத்துக்கும் நடுவுல ஒரு முழம் இருந்தா அதிகம். விடியக்காலையில என் வீட்டுக்காரரு அதுக்கடியில உக்காந்துதேன் பால் கறக்குறாரு. காத்து அடிச்சாப் போதும், ஓடிப்போயி அவரை வெளிய இழுத்துட்டு வந்துருவேன்.

மனு எழுதுனது நான்தேன். நான் கவர்மெண்டுப் பள்ளிக்கூடத்துல தமிழ் டீச்சரு.

"போஸ்ட்டுன்னே எழுது புள்ள, அவுகளுக்கு அதுதேன் புரியும்"னாரு வீட்டுக்காரரு.

நான் கேப்பேனா? "தமிழ் டீச்சர் மனுவுல இங்கிலீசா? மானம் போயிரும்!"னு சொல்லிட்டு, முத்து முத்தா எழுதுனேன். பொருள்: கம்பம் மாற்றக் கோருதல்.

அங்கன புடிச்சது சனி.

பொருள்ங்கிற வரிக்குக் கீழ படிச்சா கண்ணு அவிஞ்சு போயிரும்னு ஆபீசுகள்ல யாரோ சொல்லி வச்சிருக்காக போல. கரண்டு ஆபீசுல அந்த ஒத்தை வரியைப் படிச்சாக, மனுவைத் தூக்கிக் கம்பத்துக்கு அனுப்பிட்டாக. ஆமா, கம்பம் ஊருக்கு! இங்கனயிருந்து பஸ்ஸுல ரெண்டு மணி நேரம்!

ஆறு மாசம் பாத்தேன். கரண்டு ஆபீசைக் கண்காணிக்க மேல ஒரு ஆணையம் இருக்குல்ல, அதுக்கு எழுதுனேன். ஆணையம் கேட்டுச்சு. ஆபீசு, "கம்பம் மாற்றப்பட்டது"ன்னு பதில் போட்டுச்சு. ஆணையமும், "குறை தீர்ந்தது"ன்னு பைலைக் கட்டிருச்சு.

இப்ப அந்த ஆணையம் ஒழுங்கா வேலை பாக்குதான்னு பாக்க அரசாங்கம் ஒரு தணிக்கைக் குழுவை அனுப்பியிருக்கு. தீர்ந்த மனுக்கள்ல நாலஞ்சை எடுத்து விசாரிக்கிறாக. அதுல என் மனுவும்! லெட்டரைப் பாத்ததும், "மாதாவே, கண்ணைத் தொறந்துட்டியா!"ன்னு மெழுகுவத்தி ஏத்துனேன். வெக்கமா இருக்கு, இருந்தாலும் சொல்றேன், பட்டுச் சேலை கட்டிக்கிட்டுப் போனேன்.

தேனியில ஒரு ஹால். ஏசி. மூணு அதிகாரிக. முந்திரி பிஸ்கட்டு.

நடுவுல இருந்தவரு பைலைப் புரட்டுனாரு. "உங்க குறை தீர்ந்துடுச்சும்மா. சந்தோஷம்தானே?"

"தீரலைங்கய்யா. கம்பம் அப்படியேதான் நிக்குது."

"கம்பம் மாற்றப்பட்டதுன்னு இருக்கே?"

"மாத்துனது மனுவைங்கய்யா. கம்பத்துக்கு!"

"அதைத்தாம்மா நானும் சொல்றேன். கம்பத்துக்கு மாத்தியாச்சு."

"ஐயோ, நான் சொல்றது கரண்டுக் கம்பம்!"

"ஆமா, கம்பம் கரண்ட் ஆபீஸ். அங்கேருந்து ஆய்வறிக்கையே வந்திருக்கு"ன்னு ஒரு தாளை எடுத்து வாசிச்சாரு. "'கம்பத்தை நேரில் ஆய்வு செய்ததில் சாய்வு ஏதும் காணப்படவில்லை.'"

அடப்பாவிகளா! ஒரு ஊரையே சுத்திப் பாத்து, சாயலைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டு, சீலும் குத்தியிருக்காக!

நான் போட்டோவை எடுத்து மேசையில வச்சேன். போஸ்ட்டு, தகரம், கீழ என் வீட்டுக்காரரு, மாடு. பாத்தாரு. பிஸ்கட்டைக் கடிச்சாரு.

"அடடா, ஆபத்துதான். ஆனா இது எங்க வரம்புல வராதும்மா. ஆணையம் பைலை முறைப்படி முடிச்சுதான்னு மட்டும்தான் நாங்க பார்க்கணும். முடிச்சிருக்கு."

எனக்கு வந்துச்சே கோவம்! "ஆபீசை ஆணையம் பாக்குது. ஆணையத்தை நீங்க பாக்குறீக. போஸ்ட்டைப் பாக்க மட்டும் ஒரு ஆளு இல்லையாய்யா?"

"பாருங்க, இப்போ போஸ்ட்டுன்னதும் எனக்கே புரியுது!"ன்னு சிரிக்கிறாரு மனுசன். "அப்படியே புதுசா ஒரு மனு குடுங்க. பழைய மனு நகலையும் சேர்த்து வைங்க."

பல்லைக் கடிச்சுக்கிட்டு அங்கனயே எழுதுனேன். பொருள்: போஸ்ட் மாற்றக் கோருதல். கீழ, இப்படிக்கு, தமிழாசிரியைன்னு மறக்காமப் போட்டேன். அந்தப் பெருமைக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல!

வீட்டுல விசயத்தைச் சொன்னேன். "நான் அன்னைக்கே சொன்னேன்ல?"ன்னு வீட்டுக்காரரு நாலு நாளைக்கு நெஞ்சை நிமித்திக்கிட்டுத் திரிஞ்சாரு. போஸ்ட்டுக்கு ஒரு கயித்தைக் கட்டித் தென்னமரத்துல இழுத்துக் கட்டுனதும் அவருதேன்.

போன வாரம் எங்க ஹெச்.எம். கூப்பிட்டாக. முகம் சுண்டிப்போயி இருந்தாக.

"என்ன டீச்சர், இங்கன உங்களுக்கு என்ன குறை வச்சோம்? ஒரு வார்த்தை சொல்லாம மேல எழுதிப் போட்டுட்டீகளே?"

கையில ஒரு ஆர்டர். புது மனுவுல போஸ்ட் மாத்தணும். அடியில தமிழாசிரியை. கூட வச்ச பழைய மனுவுல கம்பம். ரெண்டையும் சேத்து எந்தப் புண்ணியவானோ படிச்சுட்டு, கல்வி ஆபீசுக்குத் தள்ளிவிட்டிருக்காரு. தங்கள் விருப்பப்படியே பணியிட மாறுதல் வழங்கப்படுகிறது. இடம்: கம்பம்.

இத்தனை வருசத்துல அரசாங்கம் இம்புட்டு வேகமா ஒரு மனுவை முடிச்சு நான் பாத்ததில்ல.

அழுதுக்கிட்டே வீட்டுக்கு வந்தேன். என் வீட்டுக்காரரு தகரத்துக்கடியில பால் கறந்துக்கிட்டு இருந்தாரு. ஆர்டரை வாங்கி ரெண்டு தடவை படிச்சாரு. நிமிந்து போஸ்ட்டைப் பாத்தாரு. கயித்தை ஒரு இழுப்பு இழுத்துப் பாத்தாரு.

"சரி, போறதுதேன் போற. அங்கன ஊரு சாஞ்சிருக்கான்னு நல்லாப் பாத்துட்டு வந்து சொல்லு."