சரக்கறையில் ஒரு ஸ்டுடியோ

ஒயரின் நுனியில் மூன்று ஊசிகள் நீட்டிக்கொண்டிருந்தன. கணினியில் அவற்றை வாங்கிக்கொள்ள எந்த ஓட்டையும் இல்லை. வெலிமிர் கணினியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கவிழ்த்து அடியிலும் பார்த்தார்.

"என்ன தேடுற?" என்று அடுப்படியிலிருந்து கேட்டாள் மனைவி ருஷித்சா.

"ஓட்டை."

"அதை மைக் வாங்கறதுக்கு முன்னாடி தேடியிருக்கணும்."

இதில் வெலிமிருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஏனென்றால் அந்த மைக்கை அவர் சும்மா வாங்கிவிடவில்லை. மூன்று மாதம் ஆராய்ந்தார். இருபத்திரண்டு மைக்குகளை ஒப்பிட்டு அட்டவணை போட்டார். செர்பியாவின் நிஷ் நகரில் அவர் வேலை பார்த்த நிலப்பதிவு அலுவலகத்தின் தாளில், அலுவலக நேரத்தில், சிவப்பு, நீலம் என்று இரண்டு மையில் போட்ட அட்டவணை அது. அந்த மூன்று மாதத்தில் பட்டா மாற்றத்துக்கு வந்தவர்கள் வரிசையில் நின்று கால் கடுத்துப்போனார்கள். மைக் மட்டும் முடிவாயிற்று. தங்க நிற வலை போட்டது. இருபத்துநாலாயிரம் தினார்.

மொத்தப் பட்ஜெட்டே நாற்பதாயிரம்தான். அதற்குமேல் ஒரு தினார் கிடையாது என்று ருஷித்சா சொல்லியிருந்தாள். ஆனால் நாற்பதாயிரத்துக்கு அவள் சம்மதித்ததே அதிசயம். மீன்பிடித் தூண்டில் வாங்க ஆயிரம் கேட்டதற்கே ஒரு வாரம் பேசாமல் இருந்தவள் அவள்.

ஐம்பத்து மூன்று வயது வெலிமிர் பாடகர். அப்படித்தான் அவர் தன்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தார். தினமும் மாலை ஆறு மணிக்கு நாலாவது மாடி பால்கனியில் இஸ்திரி மேசையை விரித்து, அதன்மேல் கீபோர்டை வைத்து, தாமே எழுதி இசையமைத்த பாட்டைப் பாடுவார். பதினான்கு சரணம். அவர் ஆரம்பித்ததும் அக்கம்பக்கத்தில் ஜன்னல்கள் ஒவ்வொன்றாக மூடும். வெளிச்சத்தம் கலந்து பாட்டு கெட்டுவிடக்கூடாதே என்று அவர்கள் எடுத்துக்கொள்ளும் அக்கறை அது என்று அவர் பலமுறை ருஷித்சாவிடம் சொல்லி நெகிழ்ந்திருக்கிறார்.

ஸ்டுடியோ யோசனையைக் கொடுத்ததே மேல்மாடி மிலுங்கா அம்மாள்தான். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். படிக்கட்டில் அவரை நிறுத்தி, "வெலிமிர் தம்பி, இந்தக் குரலை இப்படிக் காத்துல கரைய விடறது பாவம். நாலு சுவருக்குள்ள வெச்சுப் பதிவு பண்ணணும். நல்ல கனமான சுவரா," என்றார். அதே வாரம் உள்ளூர் வானொலி ஒரு போட்டியை அறிவித்தது. வீட்டிலேயே பதிவு செய்த சொந்தப் பாட்டு, அக்டோபர் கடைசி சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் வந்து சேர வேண்டும். எல்லாம் கூடி வந்தது என்று வெலிமிர் முடிவு கட்டினார்.

மூன்று ஊசி ஒயரைத் தூக்கிக்கொண்டு காவ்ரிலோவின் இசைக்கருவிக் கடைக்குப் போனார்.

"இதுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவுல ஒரு பெட்டி வேணும் மாஸ்டர்," என்றான் காவ்ரிலோ. "அது இல்லாட்டி மைக்குக்குக் கரண்டும் வராது, உங்க குரல் உள்ளேயும் போகாது."

"விளம்பரத்துல பெட்டி எதுவும் இல்லையே. ஒரு பையன் மைக் முன்னாடி நின்னு பாடறான், அவ்வளவுதான்."

"விளம்பரத்துல அந்தப் பையனுக்குத் தலை நிறைய முடிகூட இருந்துச்சு."

வெலிமிர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். பெட்டி பதினாலாயிரம். மீதி இரண்டாயிரம் கையில் இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு பெரிய ஸ்பீக்கர்கள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"தவணையில தருவியா?"

"தருவேன். ஆனா உங்க வீட்டம்மா காலையிலேயே போன் பண்ணி, ஸ்பீக்கர் பக்கமே உங்களை விடக்கூடாது, ஹெட்போன்தான்னு சொல்லிட்டாங்க."

ருஷித்சாவுக்கு இசை இவ்வளவு தெரியும் என்று இருபத்தாறு வருடத்தில் அவருக்குத் தெரியாமல் போயிற்றே. இரண்டாயிரத்துக்கு ஒரு ஹெட்போன் வாங்கினார். அதில் வலது காது கழுத்தை ஒரு பக்கம் சாய்த்தால் மட்டும் கேட்டது.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் மாட்டினார். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. வெலிமிர் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு முதல் சரணத்தை எடுத்தார். அவர் பாடிய சொல் அரை நொடி கழித்து அவர் காதில் வந்து விழுந்தது. அந்தச் சொல்லுக்காக அவர் காத்திருந்தார். அது வந்ததும் அடுத்த சொல்லைப் பாடினார். அதற்கும் காத்திருந்தார். இப்படியே தானும் தன் குரலும் ஒருவருக்கொருவர் வழிவிட்டு, வழிவிட்டு, இருபது நிமிடப் பாட்டு ஒரு மணி நேரமாயிற்று. ஏழாவது சரணத்தில் ருஷித்சா வந்து எட்டிப் பார்த்தாள்.

"உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?"

"கம்ப்யூட்டர் பழசு. மெதுவா இருக்கு."

தரைத்தளத்து டிராகோவைக் கூப்பிட்டார்கள். குழாய், மின்சாரம், பூட்டு, கணினி எதுவானாலும் அந்தக் கட்டடத்தில் டிராகோதான். வேலையில் கெட்டிக்காரன், நாக்கில் பூட்டு இல்லாதவன். கணினியைத் திறந்து எங்கிருந்தோ கொண்டுவந்த மெமரியைச் செருகினான். காசு வேண்டாம் என்றான்.

"ஏன்டா வேண்டாங்கிற?"

"உங்க பாட்டுக்கு எங்க பங்கு இருக்கட்டுமே அண்ணே."

வெலிமிர் அவனுக்கு இரண்டு கிளாஸ் ராக்கியா சாராயம் ஊற்றினார்.

இப்போது குரல் சொன்ன நேரத்துக்கு வந்தது. ஆனால் கணினியின் விசிறி வெறிபிடித்துச் சுற்ற ஆரம்பித்தது. ஹெட்போனில் கேட்டால் ஹெலிகாப்டரில் உட்கார்ந்து ஒருவன் காதலியை அழைப்பதுபோல் இருந்தது. விசிறியோடு போயிற்றா என்றால் இல்லை. இருபத்துநாலாயிரம் தினார் மைக், வாங்கிய காசுக்கு வஞ்சகம் செய்யாமல் எல்லாவற்றையும் கேட்டது. ஃபிரிட்ஜ் முனகியதைக் கேட்டது. மிலுங்கா அம்மாளின் செருப்பைக் கேட்டது. தெருவில் குடமிளகாய் விற்பவன் பத்து கிலோ என்ன விலை என்று கூவியதை வெலிமிரின் குரலைவிடத் தெளிவாகக் கேட்டது.

மறுநாள் அலுவலகத்தில் உட்கார்ந்து இணையத்தில் படித்தார். முட்டை அட்டை ஒட்டு, கம்பளி தொங்கவிடு, சின்ன அறையாகப் பார் என்று உலகமெங்கும் உள்ள அனுபவசாலிகள் எழுதியிருந்தார்கள். படிக்கட்டு அறிவிப்புப் பலகையில், 'முட்டை அட்டை தேவை, கலைக்காக' என்று ஒரு சீட்டு ஒட்டினார்.

இரண்டே நாளில் வாசலில் எண்பது அட்டைகள். அந்தக் கட்டடத்தில் அந்த வாரம் மூன்று வேளையும் ஆம்லெட்தான் என்று கேள்வி. மிலுங்கா அம்மாள் தன் கல்யாணக் கம்பளிகள் நாலைத் தாமே சுமந்துகொண்டு இறங்கி வந்தார். டிராகோ இரண்டு பழைய மெத்தைகளைத் தலையில் வைத்து நாலு மாடி ஏறினான்.

"இவ்வளவையும் எங்க வைக்கிறது?" என்றார் வெலிமிர்.

"சரக்கறையை எடுத்துக்கோ," என்றாள் ருஷித்சா.

வெலிமிரால் நம்ப முடியவில்லை. குடமிளகாய் சுட்டு, தோல் உரித்து, அரைத்து, நாள் முழுக்கக் கிண்டி அவள் அய்வார் தொக்கு போட்டு அடுக்கி முடித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. குளிர்காலம் முழுவதற்கும் நாற்பத்தாறு ஜாடி. அத்தனையையும் அவளே எடுத்துக் கட்டிலுக்கு அடியிலும் துணி அலமாரியிலும் வைத்தாள். காலுறை தேடினால் ஊறுகாய் கையில் வந்தது. ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. அன்று அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை அவள் பார்க்காததுபோல் இருந்தாள்.

சரக்கறை மூன்றடி அகலம், ஐந்தடி நீளம். மேலே கைக்குட்டை அளவுக்கு ஒரு காற்றுத் துளை. சுவரெல்லாம் முட்டை அட்டை, அதன்மேல் கம்பளி, அதன்மேல் மெத்தை. கணினி வெளியே, ஒயர் கதவுக்கு அடியில். கம்பளியில் மிலுங்கா அம்மாள் முப்பது வருடமாகச் சேமித்த அந்துருண்டை வாசம் இருந்ததால், முதல் நாள் பதிவில் ஒவ்வொரு சரணத்துக்கும் ஒரு தும்மல் விழுந்தது. மூக்கில் துணிக்கவ்வி போட்டுக்கொண்டு பாடினார். காதலியின் பெயர் வேறு யாருடைய பெயரோ ஆகிவிட்டது. கவ்வியை எடுத்துவிட்டுக் கம்பளிகளை வெயிலில் போட்டார். மழை வந்து நனைத்தது. நனைந்த கம்பளி அந்துருண்டைக்குப் பதிலாக ஆட்டு வாசம் அடித்தது.

வெள்ளிக்கிழமை மிலுங்கா அம்மாள் வந்து சோதித்தார். வெலிமிர் உள்ளே பாடினார். வெளியே வந்தபோது மிலுங்கா அம்மாள் உதட்டைப் பிதுக்கினார்.

"இன்னும் கொஞ்சம் கசியுது தம்பி."

"சத்தம் வெளியிலேர்ந்து உள்ளே வரக்கூடாதும்மா. அதுதான் பிரச்சினை."

"ரெண்டும் ஒண்ணுதானே. கதவுல ஒரு மெத்தை போடு."

போட்டியின் கடைசி நாளான சனிக்கிழமை காலை டிராகோ வந்து கதவின் உள்பக்கம் முழுக்க மெத்தையை வைத்து அடித்தான். கீழே இருந்த இடுக்கையும் ஒயருக்கு மட்டும் வழி விட்டு ரப்பர் வைத்து அடைத்தான். பன்னிரண்டு மணிக்கு ருஷித்சா அவர் கையில் ஒரு தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தாள்.

"போ. நான் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கறேன். உன்னை யாரும் தொந்தரவு பண்ண மாட்டாங்க."

வெலிமிர் உள்ளே போனார். கதவு 'தொப்' என்று மூடியது. அப்படி ஒரு நிசப்தத்தை அவர் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. தன் இதயம் துடிப்பது கேட்டது. பதினான்கு சரணத்தையும் பாடினார். வாழ்நாளில் அப்படிப் பாடியதில்லை. முடித்துவிட்டு, வெளியே போகக் கதவைத் தள்ளினார். அது அசையவில்லை.

கைப்பிடியைத் தேடினார். மெத்தைதான் இருந்தது. மேலே தடவினார், கீழே தடவினார், மெத்தைக்குள் கையை விட்டுப் பார்த்தார். கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஓட்டை மட்டும் இருந்தது. இந்த இசை வாழ்க்கையில் அவர் தேடி அலைந்த ஓட்டை, வேண்டாத நேரத்தில், வேண்டாத இடத்தில்.

"ருஷித்சா," என்று கூப்பிட்டார். பிறகு கத்தினார். பிறகு குத்தினார். மெத்தை அவர் முஷ்டியை அன்போடு வாங்கிக்கொண்டது. காற்றுத் துளைக்கு ஏறிக் கத்தலாம் என்றால் அலமாரித் தட்டுகள் முட்டை அட்டைக்கு வழிவிட்டுப் போயிருந்தன. மைக்கிடம் சொல்லிப் பார்த்தார். வெளியே கணினியில் கேட்குமே. யாரும் வரவில்லை. மூலையில் ருஷித்சாவின் கண்ணுக்குத் தப்பிய ஒரே ஒரு வெள்ளரிக்காய் ஊறுகாய் ஜாடி இருந்தது. மூன்று மணிக்கு அதைத் திறந்தார். நாலு மணிக்கு நியாயம் கேட்டுப் பாடினார். ஐந்து மணிக்குச் சும்மா உட்கார்ந்திருந்தார்.

ஐந்தரைக்குக் கதவு திறந்தது. ருஷித்சா நின்றிருந்தாள். கன்னத்தில் தலையணைக் கோடு.

"முடிஞ்சுதா?" என்றாள்.

வெலிமிர் வியர்வையில் குளித்து, கழுத்தில் ஹெட்போனும் கையில் ஊறுகாய் ஜாடியுமாக வெளியே வந்தார். கூடத்தில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். மிலுங்கா அம்மாள் பெரிய தட்டில் சீமை வாதுமை கேக் வெட்டி வைத்திருந்தார். யாருக்கோ பிறந்தநாள் போல் இருந்தது.

"அஞ்சரை மணி நேரம்," என்றார் வெலிமிர். "கத்தினேன். குத்தினேன். யாருக்கும் கேக்கலையா?"

"ஒரு சொட்டு கேக்கலை தம்பி," என்றார் மிலுங்கா அம்மாள். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. "என்ன அருமையான ஸ்டுடியோ."

வெலிமிர் கணினியிடம் ஓடினார். திரை நீலமாக இருந்தது. 'புதுப்பிக்கப்படுகிறது, அணைக்க வேண்டாம், 34%' என்றது. பன்னிரண்டு மணிக்கே அது புதுப்பிக்கத் தொடங்கியிருந்தது. ஒரு சரணம்கூடப் பதியவில்லை. போட்டிக்கு இன்னும் இருபத்தைந்து நிமிடம்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு அவர் எழுந்தார். முகத்தில் தெளிவு வந்திருந்தது.

"போதும்," என்றார். "நான் பண்ணினது தப்பு. பாட்டைப் பெட்டிக்குள்ள அடைக்கக் கூடாது. மைக்கை வித்துடறேன். மெத்தை, கம்பளி எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிடுங்க. நாளைக்குச் சாயங்காலத்துலேர்ந்து மறுபடியும் பால்கனிதான். அஞ்சு மணிக்கே ஆரம்பிச்சுடறேன், விட்ட நாளுக்கும் சேர்த்து."

கேக் வாய்க்குப் போகும் வழியில் நின்றது. மிலுங்கா அம்மாள் மார்பில் கை வைத்துக்கொண்டார். "அவசரப்படாத தம்பி. இவ்வளவு தூரம் வந்துட்டு," என்றார். ருஷித்சா, "பெரிய கம்ப்யூட்டரா வாங்கிக்கலாம். தவணையில," என்றாள்.

வெலிமிர் எல்லோருடைய முகத்தையும் பார்த்தார். தன் கலை பாதியில் நிற்பதை இவர்களால் தாங்க முடியவில்லையே. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் சுவரோரம் நின்றிருந்த டிராகோ கேக் தட்டைக் கீழே வைத்துவிட்டு, கோட்டுப் பைக்குள் கைவிட்டுப் பளபளவென்று எதையோ வெளியே எடுத்தான்.

"ருஷித்சா அக்கா, காலையில நீங்க கழட்டச் சொன்ன உள்பக்கக் கைப்பிடி இது. இப்போ திரும்ப மாட்டிடவா, இல்ல மறுபடியும் எல்லாரையும் கூட்டி ஓட்டெடுக்கணுமா?"