காற்றாலைக்கு விசிறி போட்ட காடு

ஒரு காட்டில் காற்று ஓசியில் வீசிக்கொண்டிருந்தது. மலை இடுக்கு வழியாக வரும், மரங்களையெல்லாம் தலைவிரித்து ஆட வைக்கும், யாரிடமும் எதுவும் கேட்காமல் போய்விடும். இவ்வளவு காற்று சும்மா போகிறதே என்று வயிறெரிந்தது ஏகாம்பரம் என்கிற நரிக்கு மட்டும்தான்.

நரி சிங்கராஜாவிடம் போனது.

"ராஜா, இந்தக் காற்றைப் பிடிச்சுக் கரண்ட் ஆக்கிடலாம். பெரிய இறக்கை வச்ச கோபுரம் ஒண்ணு போதும். என்ன, கொஞ்சம் மானியம் வேணும்."

"எதற்கு மானியம்?"

"இறக்கை சுத்துற ஒவ்வொரு சுத்துக்கும்."

கரண்ட் ராஜாவின் கண்ணுக்குத் தெரியாது. இறக்கை சுற்றுவது குகையில் படுத்தபடியே தெரியும். ஆகவே ராஜா சம்மதித்துவிட்டார்.

அன்று முதல் குரங்கு பழத்திலும் தேனீ தேனிலும் அணில் கொட்டையிலும் ஒரு பங்கு மானியத்துக்காகக் கொடுக்க வேண்டியதாயிற்று.

"என் பொந்துல விளக்கே கிடையாதே, நான் எதுக்குக் கொடுக்கணும்?" என்றது அணில்.

"விளக்கு இருந்தா கரண்டுக்கும் சேர்த்துல்ல கொடுத்திருப்பே? எவ்வளவு மிச்சம் பாரு!" என்றது நரி.

அணில் வெகுநேரம் யோசித்துவிட்டு, மிச்சம்தான் போலிருக்கிறது என்று சந்தோஷமாக வீட்டுக்குப் போனது.

காற்றாலை எழும்பியது. அந்தப் பக்கமாகப் பறந்த கொக்கின் உச்சந்தலையை இறக்கை மழித்துவிட்டது. "முடி வெட்டினதுக்குக் கூலி வாங்க மாட்டேன்" என்று நரி பெருந்தன்மையாகச் சொல்லிற்று. சுற்றுகளை எண்ணுவதற்கு ஆந்தையாரை அதிகாரியாகப் போட்டார்கள். ஆந்தையின் கழுத்து நன்றாகத் திரும்பும் அல்லவா? இறக்கை சுற்றச் சுற்ற அவரும் தலையைச் சுற்றிக்கொண்டே எண்ணினார்.

இந்தக் கரண்டை நம்பி ஒரு காரியம் செய்தவள் சொர்ணம் என்கிற பெண்குயில். குயில் வீட்டில் பாட்டெல்லாம் புருஷனோடு சரி. முட்டை இவள் பாடு. பரம்பரை பரம்பரையாகக் காக்கைக் கூட்டில் முட்டையைப் போட்டுவிட்டுப் பறந்துவிடுகிற குடும்பம். ஆனால் போன வருஷம் பக்கத்துக் கிளை இசக்கிக் காக்கை, தான் வளர்த்த பிள்ளை வாயைத் திறந்து 'கூ' என்றதும் சுதாரித்துக்கொண்டாள். இந்த வருஷம் கூட்டைவிட்டு நகரவில்லை. சொர்ணம் என்ன செய்வாள்? கரண்டில் குஞ்சு பொரிக்கும் பெட்டி ஒன்றை வாங்கி முட்டைகளை அதில் வைத்தாள். பெட்டி கதகதவென்று இருந்தது. புருஷன் பாட, இவள் ஊர் சுற்றினாள்.

ஒரு நாள் காற்று படுத்துக்கொண்டது. இலைகூட அசையவில்லை.

சுற்று நின்றால் மானியம் நிற்குமே! நரி ஓடிப்போய்க் கொம்பன் யானையைக் கூட்டிவந்து கோபுரத்துக்கு எதிரே நிறுத்தியது. கொம்பன் காதை வீசியது. இறக்கை சுற்றியது. கொம்பனுக்குக் கூலியாகக் கரும்பு கொடுக்க வேண்டியிருந்தது. அதற்கும் குரங்கிடம்தான் வாங்கினார்கள். கொம்பனுக்குக் காது வலித்ததும், நரி பனைமர உயரத்துக்கு ஒரு மின்விசிறி வாங்கித் துணைக்கு வைத்தது. விசிறிக்குக் கரண்ட்? காற்றாலையிலிருந்துதான். காற்றாலைக்குக் காற்று? விசிறியிலிருந்துதான். நீங்கள் நம்பமாட்டீர்கள். நானும் முதலில் நம்பவில்லை. ஆனால் மானியம் வருகிறதென்றால் எதுவும் சுற்றும்.

வந்த கரண்டையெல்லாம் விசிறி குடித்துவிட்டது. சொர்ணத்தின் பெட்டி அணைந்தது.

அவள் மூக்கால் முட்டையைத் தொட்டுப் பார்த்தாள். சூடு இறங்கிக்கொண்டிருந்தது. அலறிக்கொண்டு நரியிடம் பறந்தாள்.

"அண்ணே, என் பிள்ளைகள் விறைச்சுப் போயிரும்! கரண்ட் வரல!"

"காற்றாலை சுத்துதா இல்லையா?"

"சுத்துது."

"அப்புறம் என்னம்மா குறை?"

"கரண்ட் வரலையே!"

"கரண்டுக்கு யாரு மானியம் தர்றா? சுத்துக்குத்தானே தர்றாங்க!"

சொர்ணம் அழுதுகொண்டே ராஜாவின் காலில் விழுந்தாள். ராஜா பிடரியைச் சொறிந்தார். "காற்றில்லாத நேரத்தில் முட்டைக்குச் சூடு கொடுக்க மாற்று ஏற்பாடு ஏதும் உண்டா?"

"உண்டு ராஜா. அதன் பெயர் காக்கை" என்றார் ஆந்தையார், கோபுரத்திலிருந்து கண்ணை எடுக்காமலேயே.

இசக்கியை அழைத்தார்கள். வந்தவள் சொர்ணத்தை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏளா, பெட்டி வாங்கிட்டேன்னு என்னா பவுசு காட்டினே! இப்ப இந்த இசக்கி வயித்துச் சூடு வேணுமாக்கும்?"

"அக்கா, கோவத்தைப் பிறகு வச்சுக்க. முட்டை ஆறுதுக்கா."

"இத்தனை தலைமுறையா ஓசியில காத்தாச்சு. இனி முடியாது. ராஜா, நான் உட்கார்ந்தா எனக்கும் மானியம் உண்டா?"

"உண்டு" என்றார் ராஜா. "காற்றில்லாதபோது உட்கார வேண்டும். காற்று வந்ததும் எழுந்துவிட வேண்டும். அப்போது கரண்டுக்குத்தான் முதலிடம். எழுந்து நிற்பதற்கும் மானியம் உண்டு."

"சரி, என் சொந்த முட்டைமேல உட்கார்ந்தா?"

"அது உன் வீட்டு வேலை. அதற்கெல்லாம் கிடையாது."

இசக்கி கணக்குத் தெரிந்தவள். அந்த நிமிஷமே தன் முட்டைகளைத் தூக்கிச் சொர்ணத்தின் பெட்டியில் வைத்துவிட்டு, சொர்ணத்தின் முட்டைகளைத் தன் கூட்டுக்கு மாற்றி, அவற்றின்மேல் ஏறி உட்கார்ந்தாள். ஆனால் பெட்டியில்தான் கரண்ட் இல்லையே? அந்த முட்டைகளுக்கும் ஒரு மாற்று ஏற்பாடு தேவைப்பட்டது. கையில் இருந்த ஒரே பறவை சொர்ணம்.

"எங்க வம்சத்துலயே யாரும் முட்டைமேல உட்கார்ந்ததில்ல அக்கா!"

"வம்சமெல்லாம் அப்புறம் பேசு. மூடியத் தொறந்து உட்காரு. அடியேய், நிக்கிறியே! காலை மடக்கு! முட்டைக்குக் குடையா பிடிக்கே?"

தட்டுத்தடுமாறி உட்கார்ந்தாள் சொர்ணம். அடிவயிற்றில் முட்டை பட்டதும் கூச்சத்தில் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் எழுந்திருக்க மனம் வரவில்லை.

குஞ்சு பொரிக்கும் நாளும் வந்தது. பார்த்து அன்றைக்கென்று காற்றும் வந்தது. கொம்பனின் கரும்பு பறந்தது, குரங்கு பறந்தது, கொக்குக்குப் புதிதாக முளைத்திருந்த இரண்டு முடியும் பறந்தன. விசிறியை நிறுத்தினார்களா? அதற்குத் தனியாக மானியம் வாங்கியாகிவிட்டதே, எப்படி நிறுத்துவது! பெட்டிக்கு ஒரு சொட்டுக் கரண்டும் வரவில்லை.

"காற்று வந்துவிட்டது! இருவரும் எழுந்திருங்கள்!" என்று கூவினார் ஆந்தையார்.

சொர்ணம் பெட்டிக்குள் தலையைக் குனிந்து கேட்டாள். "எழுந்தா இதுங்க செத்துப்போகும் அக்கா. உள்ள ஓட்டைத் தட்டுற சத்தம் கேக்குது."

இசக்கி ஆந்தையாரைத் திரும்பிப் பார்த்தாள். காற்றாலையோடு சேர்ந்து வேகமாகச் சுற்றியதில் அவர் கழுத்து திருகாணி போல முறுக்கிக்கொண்டு, முகம் கோபுரத்தைப் பார்த்தபடி இறுகிவிட்டிருந்தது.

"எழுந்துட்டோம் ஐயா!" என்று உட்கார்ந்தபடியே கத்தினாள் இசக்கி.

"எழுந்து நிக்கோம் ஐயா, கால் வலிக்குது!" என்றாள் சொர்ணம், இன்னும் நன்றாக அழுந்தி உட்கார்ந்துகொண்டு.

உட்கார்ந்ததற்கும் நின்றதற்கும் சேர்த்து மானியம் வந்தது. சாயங்காலத்துக்குள் எல்லா முட்டைகளும் பொரிந்தன. காற்றாலையே குஞ்சு பொரித்துவிட்டது என்று ராஜா காடு முழுக்க முரசறைந்து, இன்னும் பத்துக் காற்றாலைக்கு உத்தரவு போட்டார். அணில் மிச்சம் பத்து மடங்கானது என்று துள்ளிக் குதித்தது.

இசக்கி இறக்கையைத் தூக்கி, அடியில் வாய் பிளந்து கத்திய குயில் குஞ்சுகளைக் காட்டினாள். "இந்தா, உன் பிள்ளைகளை எடுத்துக்க. என் பிள்ளைகளைக் கொடு."

சொர்ணம் காக்கைக் குஞ்சுகளை இன்னும் கொஞ்சம் இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"பொறு அக்கா. அடுத்தவ பிள்ளைக்குச் சோறூட்டினா மானியம் உண்டான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடுறேன்."

நீதி: தன் முட்டையைத் தானே அடைகாத்தால் குஞ்சு மட்டும்தான் கிடைக்கும்.