நுர்மத்தின் எவர்சில்வர் சுவர்

தகட்டைத் தூக்கிச் சுவரில் வைத்துப் பார்த்தபோதுதான் நுர்மத்துக்குத் தெரிந்தது. பிளக் பாயிண்ட் வலது பக்கம் இருக்கிறது. அவர் வெட்டிய ஓட்டை இடது பக்கம் இருக்கிறது.

“கடைக்காரன் ஏமாத்திட்டான். தகட்டை மாத்திக் குடுத்திருக்கான்,” என்றார்.

“தகட்டைக் குப்புறப் போட்டுக் கோடு கிழிச்சது நீங்கதான், திலோரம் அப்பா,” என்றாள் மனைவி சும்ராத்.

“நீ பாத்தியா?”

“பாத்தேன்.”

“பாத்தா சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னேன். வாயை மூடுன்னீங்க.”

நுர்மத் மர்கிலானில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கண்டக்டரை நம்பாதவர், கொத்தனாரை எங்கே நம்பப் போகிறார்? அதனால்தான் அடுப்புக்குப் பின்னால் எவர்சில்வர் தகடு அடிக்கும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டார். அந்தச் சுவர் வருஷக்கணக்காகப் புலாவ் சட்டியின் புகையைக் குடித்து, பருத்திக்கொட்டை எண்ணெய் தெறித்துத் தெறித்து, லாரி டயர் மாதிரி ஆகியிருந்தது.

இத்தனை நாள் கிடந்த சுவர் இன்னும் கொஞ்ச நாள் கிடந்திருக்கும். ஆனால் மகள் திலோரமைப் பெண் பார்க்க இன்றைக்கு ஆள் வருகிறது என்று பக்கத்து வீட்டு சனோபர் காலையில் மதில்மேல் தலையை நீட்டிச் சொல்லிவிட்டாள்.

“யாருன்னு கேக்காதீங்க அண்ணே. அவங்க சொல்லிக்கிட்டு வர மாட்டாங்க. உங்க வாயை மட்டும் இன்னைக்குக் கட்டிப் போடுங்க.”

அந்த ஊர் வழக்கம் அப்படி. பெண் கேட்க வருகிறவர்கள் பெண் கேட்க வந்தோம் என்று சொல்ல மாட்டார்கள். குடிக்கத் தண்ணீர் வேண்டும் என்பார்கள், வழி தவறிவிட்டது என்பார்கள். உள்ளே வந்ததும் கண் நேராக அடுப்படிக்குப் போகும். அடுப்புக்குப் பின்னால் இருக்கிற சுவரைப் பார்த்துத்தான் வீட்டுக்கு மார்க் போடுவார்கள்.

போன வசந்தத்தில் இரண்டு பெண்கள் வந்து, “இந்த வீடு விலைக்கு வருதா?” என்று கேட்டார்கள். திருட்டு புரோக்கர்கள் என்று முடிவு கட்டி, நுர்மத் அவர்களைத் தெருமுனை வரை விரட்டிவிட்டு வந்தார். அவர்கள் திலோரமைக் கேட்க வந்தவர்கள் என்று பிறகுதான் தெரிந்தது. அதற்கப்புறம் அந்த வாசலில் எவரும் தண்ணீர்கூடக் கேட்கவில்லை. சும்ராத் நாள் கணக்கில் அவரோடு பேசவில்லை. இதையும் கெடுத்தால் இந்த ஜென்மத்தில் பேசமாட்டாள்.

நுர்மத் தகட்டைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார். ஓட்டை சரியான பக்கம் வந்தது. ஆனால் பளபளப்பு சுவர்ப்பக்கம் போய், மங்கலான முதுகு வெளியே தெரிந்தது.

“சவப்பெட்டி மூடி மாதிரி இருக்கு,” என்றாள் சும்ராத்.

மறுபடி திருப்பி, வலது பக்கம் இன்னொரு ஓட்டை வெட்டினார். இப்போது தகட்டுக்கு இரண்டு கண். ஒன்று பெரிசு, ஒன்று சின்னது.

“நம்ம மாமா மாதிரியே முழிக்குதுப்பா,” என்றாள் திலோரம். ஆஸ்பத்திரியில் நர்ஸ். நோயாளிகளிடமும் இப்படித்தான் பேசுவாள்.

பசை தடவி ஒட்டினார். எண்ணெய்ச் சுவரில் பசை பிடிக்குமா? தகடு மயக்கம் போட்ட ஆள் மாதிரி மெதுவாகச் சரிந்து அடுப்புக்குப் பின்னால் போய் உட்கார்ந்தது. திருகாணி போட்டார். மண்செங்கல் சுவர் பொலபொலவென்று உதிர்ந்தது. அதைவிட நீளமான திருகாணி போட்டு, பஸ் சக்கரத்தை முடுக்குகிற வேகத்தில் முடுக்கினார். தகடு நின்றது. கேஸ் வால்வு இருந்த இடத்தில் மட்டும் வயிறு தள்ளிக்கொண்டு நின்றது.

அப்போது வாசல் கதவைத் தட்டினார்கள்.

தடித்த உடம்பு, தோளில் பை, கையில் சோப்புத் தண்ணீர் டப்பாவோடு ஒரு அம்மாள்.

“கேஸ் செக்கிங்,” என்றாள்.

நுர்மத் தன் மனைவியின் காதைக் கடித்தார். “பாரு பாரு, இந்தத் தடவை கேஸ் வேஷம்! டப்பாகூடக் கொண்டு வந்திருக்கா.” உடனே மரியாதையாக நெஞ்சில் கைவைத்துக் குனிந்தார். “வாங்க தங்கச்சி, வாங்க. உங்க வீடு மாதிரி நினைச்சுக்குங்க.”

அந்த அம்மாள் திரும்பித் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தாள். பிறகு அடுப்படிக்குப் போனாள். நேராக அந்தச் சுவருக்கு.

“வால்வு எங்கே?”

“தகட்டுக்குப் பின்னாடி பத்திரமா இருக்கு.”

அவள் அந்த வயிற்றில் விரலால் தட்டினாள். “இது எத்தனை மாசம்?”

வேறு நாளாக இருந்தால் டப்பா தெருவில் உருண்டிருக்கும். நுர்மத் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார்.

“எந்தக் குருடன் செஞ்ச வேலை இது?”

“அடியேன்தான்.”

“நினைச்சேன். கழட்டுங்க பெரியவரே. கைக்கு எட்டற மாதிரி வால்வு இல்லேன்னா லைனைக் கட் பண்ணிட்டுப் போயிடுவேன்.”

சும்ராத் பதறினாள். நுர்மத் அவளைப் பார்த்துக் கண்ணடித்துக் கிசுகிசுத்தார். “சோதிக்கிறா. பொண்ணோட அப்பனுக்குக் கோபம் வருதான்னு பாக்குறா. எனக்கா வரும்?” முகம் தக்காளி மாதிரி சிவந்திருந்தது. ஆனால் அத்தனை திருகாணியையும் சிரித்தபடியே கழற்றினார்.

“இப்ப வால்வுக்கு அளவு எடுக்கணும்,” என்று டேப்பை எடுத்தார்.

“நீங்க அளந்த அழகைத்தான் பாத்தேனே,” என்று அந்த அம்மாள் பையிலிருந்து உதட்டுச்சாயத்தை எடுத்து வால்வின் தலையில் பூசினாள். “தகட்டை வச்சு அழுத்துங்க. ம், எடுங்க.”

தகட்டின் முதுகில் சிவப்பாக ஒரு வட்டம். காலையில் தப்பாக வெட்டிய ஓட்டைக்குச் சரியாக ஒட்டினாற்போல் கீழே.

“அட! அந்த ஓட்டையையே பெரிசாக்கினா போதும்!” என்று கத்தினார் நுர்மத்.

கட்டிங் மெஷினை அவர் எடுப்பதற்குள் திலோரம் பிடுங்கிக்கொண்டாள். “நீங்க உக்காருங்கப்பா. இன்னொரு கண்ணு வேண்டாம்.” பொறி பறக்க வளைத்து வெட்டினாள். மூலையை அரத்தால் ராவினாள். அந்த அம்மாள் தகட்டைப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பயமா இல்லையாடி உனக்கு?”

“தினம் ஊசி போடற கை அத்தை. இது கத்தாத நோயாளி.”

அந்த அம்மாள் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள்.

தகடு ஏறியது. வால்வு ஒரு ஓட்டையில், பிளக் இன்னொன்றில். சுருக்கம் இல்லை, வயிறு இல்லை. மர்கிலானில் எந்த மாளிகையிலும் அப்படியொரு அடுப்படி கிடையாது. நான்கு பேர் முகங்களும் அதில் பளபளத்தன. கேஸ் கசிகிறதா என்று வால்வில் சோப்புத் தண்ணீர் போட்டுப் பார்த்தார்கள். ஒரு குமிழிகூட வரவில்லை. நுர்மத் மீசையைத் தடவிக்கொண்டார்.

விரிப்பு விரித்தார்கள். பச்சைத் தேநீர், புலாவ், நடுவில் வட்ட ரொட்டி. சம்மதம் என்றால் வந்தவர்கள் அந்த ரொட்டியைப் பிட்டு வைப்பார்கள். பிட்டுவிட்டால் சம்பந்தம் பேசி முடிந்தது என்று அர்த்தம்.

நுர்மத் ரொட்டியை அவள் பக்கம் தள்ளினார். “நடிச்சது போதும் சம்பந்தியம்மா. நான் கோபப்படவே இல்ல பாத்தீங்களா? பிட்டு வைங்க.”

“எந்தச் சம்பந்தி?”

“இன்னுமா வேஷம்?”

அந்த அம்மாள் பையைத் துழாவி அடையாள அட்டையை எடுத்து நீட்டினாள். போட்டோ, முத்திரை, கேஸ் ஆபீஸ் கையெழுத்து எல்லாம் இருந்தன. அதே நேரம் மதில்மேல் சனோபரின் தலை முளைத்தது.

“அண்ணே! பொண்ணு பாக்க வர்றவங்க அடுத்த வாரம்தான் வர்றாங்களாம்!”

சும்ராத் தலைத்துணியால் முகத்தை மூடிக்கொண்டாள். காலையிலிருந்து விழுங்கிய வசவெல்லாம் நுர்மத்தின் தொண்டைக்கு ஒரே மூச்சில் ஏறின. எழுந்தார். வாசல் பக்கம் கையை நீட்டினார். வாயைத் திறந்தார்.

அந்த அம்மாள் அசையவில்லை. திலோரமை ஒரு தடவை பார்த்தாள். பிறகு ரொட்டியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

“உக்காருங்க பெரியவரே. கேஸ்காரிக்குக் கல்யாண வயசுல ஒரு பையன் இருக்கக் கூடாதா என்ன?”