கெமிஸ்ட்ரிக்கு வைத்த பொட்டு

“இது என்ன சார், ரத்தமா?”

பல்கலைக்கழகச் சேர்க்கைக் கவுண்டரில் இருந்த பெண் சான்றிதழை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

“குங்குமம்,” என்றேன்.

“உள்ளுக்கு எப்படிப் போச்சு? மேல லேமினேட் பண்ணியிருக்கே?”

“முதல்ல குங்குமம். அப்புறம்தான் லேமினேட்.”

பக்கத்தில் நின்ற என் மகள் பவித்ரா கூரையில் சுற்றிக்கொண்டிருந்த விசிறியைப் பார்த்தாள். எனக்கும் தனக்கும் சம்பந்தம் இல்லை என்று அந்த விசிறியிடம் சொல்வது போல இருந்தது.

நடந்தது இவ்வளவுதான். பள்ளிப் படிப்பை முடித்து அவள் எழுதிய எஸ்.பி.எம். தேர்வின் சான்றிதழ் கைக்கு வந்த வெள்ளிக்கிழமை அதைச் சாமி மேடையில் வைத்தோம். நான்கு மூலையிலும் பொட்டு வைத்தேன். புது மோட்டார் சைக்கிள், புது ஃபிரிட்ஜ், எல்லாவற்றுக்கும் வைப்பதுதான். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பட்டியலில் கெமிஸ்ட்ரி கொஞ்சம் சோர்வாகத் தெரிந்தது. அதற்கு மட்டும் கூடுதலாக ஒரு பொட்டு, நல்லெண்ணெயில் குழைத்து, பெரிதாக, கிரேடு மேலேயே வைத்தேன்.

“பரீட்சையே முடிஞ்சிருச்சு. இனிமே பொட்டு என்னப்பா பண்ணும்?” என்று அன்றைக்கே கேட்டாள் பவித்ரா.

என்ன பண்ணும் என்று இப்போது தெரிந்தது.

விண்ணப்பத்தோடு அனுப்பிய நகலில் அந்த இடம் கறுப்பாக விழுந்திருக்கிறது. அதனால்தான் அசலோடு வரச் சொல்லியிருக்கிறார்கள். அசலில் சிவப்பாக இருந்தது.

“சார், இந்த ஃபவுண்டேஷன் ஒரு வருஷம் முடிச்சாத்தான் சயன்ஸ் டிகிரிக்கே போக முடியும். ஃபவுண்டேஷன்ல சேர அஞ்சு பாடத்துல கிரெடிட் வேணும், சி-க்குக் குறையக் கூடாது. அதுல கணக்கும் கெமிஸ்ட்ரியும் கட்டாயம். பத்துப் பாடம் இருக்கு. கெமிஸ்ட்ரி மட்டும் எப்படி சார் மறையும்?”

“நான் ஒண்ணும் மறைக்கலம்மா.”

“இன்னிக்கு அஞ்சு மணிதான் கடைசி. கிரேடு தெரியற மாதிரி கொண்டாங்க. இல்லாட்டி இந்த இடம் அடுத்தவங்களுக்குப் போயிடும்.”

அப்போது மணி இரண்டரை.

“ஸ்கூலுக்குப் போயி ஒரு லெட்டர்...” என்று ஆரம்பித்தாள் பவித்ரா.

“நீ சும்மா இரு. அப்பா பார்த்துக்கிறேன்.”

நேராகக் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குப் பக்கத்தில், லேமினேட் போட்டுக்கொடுத்த பாய் கடைக்கு மோட்டாரை விட்டேன். பாய் சான்றிதழைப் பார்த்தவுடன் சிரித்தார்.

“அண்ணே, அன்னிக்கே கேட்டேன்லா, தொடைச்சிட்டுப் போடவான்னு. நீங்கதான் ‘சாமிகிட்ட வச்சது பாய், அப்படியே போடுங்க’ன்னீங்க.”

மகள் என்னைப் பார்த்தாள். இந்தத் தகவல் அவளுக்குப் புதிது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். ஃபேக்டரியில் எனக்குத் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. சர்க்யூட் பலகைகளில் கறை இருக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் சம்பளம்.

“உரிச்சிடலாமா பாய்?”

“உரிச்சா பேப்பரும் சேர்ந்து வரும்ணே. கை வைக்காதீங்க.”

எனக்கு ஒரு யோசனை வந்தது. சூட்டில் ஒட்டியது சூட்டில்தானே இளகும்?

“பாய், மெஷின்ல இன்னொரு தடவை ஓட்டுங்க. இளகினதும் மெதுவா பிரிச்சிடலாம்.”

“வேண்டாம்ணே.”

“அப்பா, வேண்டாம்.”

“ஓட்டுங்க பாய். நான் பொறுப்பு.”

ஓட்டினார். சான்றிதழ் ஒரு பக்கம் போய் மறுபக்கம் வந்தது. பிளாஸ்டிக் இளகவில்லை. நல்லெண்ணெய்தான் இளகியது. உருளைகள் அழுத்திய அழுத்தத்தில் குங்குமம் கெமிஸ்ட்ரியையும் விடாமல் அங்கிருந்து கிளம்பி, மேலே ஃபிசிக்ஸ், கூடுதல் கணிதம், கணிதம் என்று ஒவ்வொன்றாகக் கடந்து, வரலாற்றின் வாசலில் நின்றது.

பாய் மெஷின் சுவிட்சை அணைத்தார்.

“இப்ப என்கிட்ட மொழிப் பாடமும் வரலாறும் நன்னெறியும் பயாலஜியும்தான் இருக்குப்பா,” என்றாள் பவித்ரா. குரல் லேசாக உடைந்தது. அதற்கப்புறம்தான் எனக்குப் பயம் வந்தது.

“ஸ்கூலுக்குப் போவோம்,” என்றேன், என் சொந்த யோசனை மாதிரி.

அவள் படித்த பள்ளியில் தலைமையாசிரியை இன்னும் வீட்டுக்குக் கிளம்பவில்லை. சான்றிதழை மேசைமேல் வைத்துக் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், திரும்பப் போட்டார்.

“யாரு செஞ்ச வேலை இது?”

மகள் விரலை நீட்டினாள். நான் எழுந்து நின்றேன். ஏன் எழுந்தேன் என்று தெரியாது. கைகள் தாமாகவே முதுகுக்குப் பின்னால் போய்விட்டன.

“ஏன் செஞ்சீங்க?”

“கெமிஸ்ட்ரி... கொஞ்சம் வீக்கா இருந்துச்சு, டீச்சர்.”

“பிள்ளை வீக் இல்ல. நல்லாத்தான் எழுதியிருக்கா. நீங்க உக்காருங்க.”

உட்கார்ந்தேன். பள்ளியில் இருந்த பதிவைப் பார்த்து, பத்துப் பாடங்களின் கிரேடுகளையும் ஒரு கடிதமாக அடிக்கச் சொல்லி, கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்தார். நான் கையை நீட்டினேன். கடிதம் என் கைக்கு மேலாகக் கடந்து மகளிடம் போனது.

“அப்பாகிட்ட குடுக்காதே,” என்றார் தலைமையாசிரியை.

“தெரியும் டீச்சர்.”

நான்கு நாற்பதுக்குக் கவுண்டரில் நின்றோம். அந்தப் பெண் கடிதத்தைப் படித்தார். புதுச் சிவப்போடு இருந்த சான்றிதழைப் பார்த்தார். திரும்பவும் கடிதத்தைப் படித்தார்.

“ஃபிசிக்ஸுக்கும் கணக்குக்கும் என்ன ஆச்சு? மத்தியானம் நல்லாத்தானே இருந்துச்சு?”

“அதுக்கும் பரவிடுச்சு,” என்றாள் பவித்ரா.

“கெமிஸ்ட்ரி சி பிளஸ். இது கிரெடிட்தானே சார்! இதைப் போயி ஏன் மறைச்சீங்க?”

“மறைக்கலம்மா. காப்பாத்தினேன்.”

அவர் விசைப்பலகையை இழுத்தார். கணினியில் நெடுநேரம் தட்டினார். பிறகு சேர்க்கை உறுதிச் சீட்டு அச்சாகி வந்தது. அதை மகள் பக்கமாகத் தள்ளிவிட்டு, அடுத்த எண்ணைக் கூப்பிட்டார்.

நான் மோட்டார் சாவியைத் தேடிச் சட்டைப் பையைத் துழாவினேன். பவித்ரா சீட்டை இரண்டு முறை படித்தாள். நான்காக மடித்தாள். இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டு, பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள்.