ஒரு துப்பாக்கியும் காணாமற்போன இரண்டும்

கனடா தேசத்தில் உத்தியோகத்தில் முன்னுக்கு வரத் திறமை இருந்தால் போதும் என்று ஜம்புநாதன் நெடுங்காலம் நம்பிக்கொண்டிருந்தார். பாலங்கள் கட்டும் ஒரு பெரிய கம்பெனியில் அவர் இன்ஜினியர். அவர் கணக்குப் போட்ட பாலம் எதுவும் இன்றுவரை விழுந்ததில்லை. ஆனால் பாலம் விழாததற்காக யாருக்கும் பதவி உயர்வு தருவதில்லை என்பது அவருக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது.

முதலில் வந்த மேலதிகாரிக்குப் பனிச்சறுக்கில் பைத்தியம். ஜம்புநாதனும் சறுக்குக் கட்டை வாங்கினார். பதவி உயர்வு அறிவித்த நாளில் அவர் கால் மாவுக்கட்டில் இருந்தது. அடுத்து வந்தவர் கோல்ஃப்காரர். ஜம்புநாதன் பந்தைத் தொட்டு அடிக்கக் கற்றுக்கொண்ட வாரம் அந்த அதிகாரி மூட்டை கட்டிக்கொண்டு டொராண்டோவுக்குப் போய்விட்டார். கட்டையும் மட்டையும் கோட்-டெ-நெய்ஜ் பேட்டையில் அவர் குடியிருந்த அடுக்குமாடியின் நிலவறையில் தூங்கின.

அந்த ஊரில் ஒலிம்பிக் போட்டி நடந்து முடிந்த மறு வருஷம் மொஸ்யே கஞோன் மேலதிகாரியாக வந்தார். அங்கே பிரெஞ்சு பேசுகிறவர்கள் ஐயாவை மொஸ்யே என்பார்கள். அவருடைய விளையாட்டு கைத்துப்பாக்கி. சனிக்கிழமைதோறும் பக்கத்து ஊரான லொங்குய்யில் ஒரு கிளப்பில் காகித அட்டையைச் சுடுவார். கிளப்புக்குத் தலைவரும் அவரே. அந்தச் சமயம் பார்த்துப் பாலப் பிரிவின் தலைவர் நாற்காலி காலியாயிற்று.

"சனிக்கிழமை நம்மோடு நின்று சுடாதவரைத் திங்கட்கிழமை எப்படி நம்புவது?" என்றார் கஞோன், சாப்பாட்டு மேஜையில், எல்லார் காதிலும் விழும்படி. அந்த நாற்காலிக்கு ஜம்புநாதனோடு போட்டியில் இருந்த பெல்த்தியே அடக்கமாகச் சிரித்தான். அவன் ஏற்கெனவே கிளப் உறுப்பினன். கிறிஸ்துமஸுக்கு முன் முடிவு தெரியும் என்றார்கள்.

ஜம்புநாதன் துப்பாக்கிக் கடைக்குப் போனார். கொசுவை அடிப்பதற்கே இரண்டு முறை யோசிக்கிற மனிதர். கடைக்காரர் ஒரு பெட்டியைத் திறந்தார்.

"இது புது மாதிரி, மொஸ்யே. உடம்பு ஒன்று, குழாய் மூன்று. சின்னக் குண்டு, நடுக் குண்டு, பெரிய குண்டு. இந்தச் சாவியால் திருகிக் கழற்றி மாட்டினால் போதும். ஒன்றின் விலையில் கிட்டத்தட்ட மூன்று."

ஜம்புநாதன் மனம் இளகிவிட்டது. நம்மவரிடம் ஒரே பொருள் இரண்டு வேலை செய்யும் என்று சொன்னாலே பாதி விற்ற மாதிரி. மூன்று என்றால் கேட்க வேண்டுமா? படுக்கையாகும் சோபா, டார்ச் வைத்த பேனா, ரேடியோவுக்குள் கடிகாரம் எல்லாம் ஏற்கெனவே அவர் வீட்டில் இருந்தன. அந்தச் சோபாவில் படுத்த ஒரே ஆள் அவர் மனைவி அனுசூயாவின் தம்பி. நள்ளிரவில் அது மறுபடி சோபாவாகி அவனை உள்ளே வைத்து மடித்துக்கொண்டது.

அனுசூயா ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைப் பிரிவு டாக்டர். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் சமையலறையைக் காட்டினார்.

"மெட்ராஸ்லேர்ந்து மூணு ஜாடி மிக்ஸியைத் தூக்கிட்டு வந்தோமே, ஞாபகம் இருக்கா? எத்தனை ஜாடியில அரைக்கிறோம்?"

"ஒண்ணுலதான்."

"மீதி ரெண்டு?"

"மேல்தட்டுல."

"அப்ப இந்தத் துப்பாக்கியை எங்க வைக்கப் போறீங்க?"

இப்படிப்பட்ட கேள்விக்குப் பதில் சொல்வதில்லை என்று தீர்மானித்து, ஜம்புநாதன் ஞாயிற்றுக்கிழமை ஒரு நிபுணர் குழுவைக் கூட்டினார். புள்ளியியல் பேராசிரியர் மணிவாசகமும் இருதய டாக்டர் சுந்தரராஜனும் மேற்படி குழு. வடையும் காப்பியும் செலவுக் கணக்கு.

"ஊருக்குப் போறப்ப எடுத்துட்டுப் போகலாமா? அங்க வோல்டேஜ் ஒத்துக்குமா?" என்றார் சுந்தரராஜன்.

"அதுக்குக் கரண்டே வேண்டாம் சார்."

"அப்ப பெரிய அனுகூலம்தான்."

"மறுவிற்பனைன்னு வந்தா குழாயைத் தனித்தனியா விக்கலாம். வாங்கறது நியாயம்தான்," என்றார் மணிவாசகம்.

காப்பி கொண்டுவந்த அனுசூயா, "யாரைச் சுடப் போறீங்க?" என்று கேட்டார். குழு திடுக்கிட்டது. அவ்வளவு அநாகரிகமான கேள்வியை யாரும் எதிர்பார்க்கவில்லை. வாங்கலாம் என்று ஏகமனதாகத் தீர்மானமாயிற்று.

கிளப்பில் சேர அரசாங்கத்தின் நற்சான்று வேண்டும். அதற்குத் துப்பாக்கியைப் பதிய வேண்டும். பதிவு அலுவலகத்தில் மதாம் புவாவெர் என்ற அம்மாள் விதிப் புத்தகத்தைப் பயபக்தியுடன் புரட்டினார்.

"குண்டின் அளவு மாறினால் ஆயுதமும் மாறுகிறது. ஆகவே தங்களிடம் இருப்பது மூன்று துப்பாக்கிகள்," என்று சொல்லி மூன்று பதிவுச் சீட்டு எழுதினார். "இனி நேரடிச் சோதனை. மேஜைமேல் வையுங்கள்."

ஜம்புநாதன் சின்னக் குழாயை மாட்டி வைத்தார். அம்மாள் தலையசைத்தார். அதைக் கழற்றி நடுக் குழாயை மாட்டினார்.

"இது இரண்டாவது. மிக்க மகிழ்ச்சி. முதலாவது எங்கே?"

"அதுதானே இது?"

"மொஸ்யே, சற்று முன் முதலாவதை என் கண்ணாலேயே பார்த்தேன். இப்போது அது இல்லை. ஓர் அரசாங்க ஊழியரின் கண்ணெதிரிலேயே ஆயுதத்தைத் தொலைத்திருக்கிறீர்கள்."

கெட்ட மனசு என்று சொல்ல முடியாது. அந்த அம்மாள் குனிந்து மேஜைக்கு அடியில்கூடத் தேடிப் பார்த்தார். கிடைக்காததால் வருத்தத்தோடு எழுதினார்: பதிவானவை மூன்று, காணாமற்போனவை இரண்டு. காணாமற்போனவை அகப்படும்வரை நற்சான்று இல்லை.

"அதற்கு என்னதான் வழி, மதாம்?"

"மூன்றையும் ஒரே நேரத்தில் மேஜைமேல் காட்டினால் தீர்ந்தது."

குழு மறுபடி கூடியது. இன்னும் இரண்டு உடம்பு வாங்கினால் மூன்று குழாயையும் ஒருங்கே மாட்டிக் காட்டிவிடலாம் என்று மணிவாசகம் படம் வரைந்து நிரூபித்தார். உடம்பைத் தனியாக விற்பதில்லை, மூன்று குழாயோடுதான் தருவார்கள் என்றார் ஜம்புநாதன். அப்படியானால் லாபம்தானே என்றார் சுந்தரராஜன். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது, கிறிஸ்துமஸ் நெருங்கிக்கொண்டிருந்தது, அந்த நாற்காலியில் பெல்த்தியே உட்கார்ந்து காலாட்டுவதுபோல் ஜம்புநாதனுக்குக் கனவுகூட வந்துவிட்டது. வாங்கிவிட்டார். மிஞ்சிய குழாய்களை அனுசூயா மேல்தட்டில் இருந்த மிக்ஸி ஜாடிகளில் போட்டு மூடினார். அந்த ஜாடிகளுக்கும் ஒருவழியாக வேலை கிடைத்தது.

மேஜைமேல் மூன்று துப்பாக்கிகள் வரிசையாகக் கிடப்பதைக் கண்டு மதாம் புவாவெரின் முகம் மலர்ந்தது. "பிராவோ, மொஸ்யே!" என்றார். பிறகு புதிய ரசீதுகளைப் படித்தார். முகம் வாடியது.

"இவை ஒவ்வொன்றும் மும்மூன்று. ஆக ஒன்பது. மேஜையில் இருப்பவை மூன்று. ஆறு காணவில்லை. போன தடவை இரண்டு, இப்போது ஆறு. தங்கள் கவனக்குறைவு வளர்ந்துகொண்டே போகிறது."

"அவ்வளவும் குழாய்தான் மதாம்! வீட்டிலே மிக்ஸி ஜாடிக்குள்ளே இருக்கு!"

அம்மாள் அதையும் எழுதிக்கொண்டார்: மீதி ஆயுதங்களைச் சமையலறையில் பதுக்கியிருப்பதாக ஒப்புக்கொள்கிறார்.

விண்ணப்பதாரரைப் பற்றிக் கிளப் தலைவருக்குத் தகவல் தருவது அலுவலகத்தின் கடமை. கடமை நிறைவேற்றப்பட்டது. கடிதம் போன மறுநாள் கஞோன் ஜம்புநாதனைத் தம் அறைக்குக் கூப்பிட்டார். முடிந்தது கதை என்று நினைத்துக்கொண்டுதான் ஜம்புநாதன் போனார்.

கஞோன் எழுந்து நின்றார். கதவைத் திறந்தே வைத்தார்.

"மொஸ்யே ஜம்புநாதன், ஒன்பதா?"

"கணக்குப்படி ஒன்பது, மொஸ்யே. உண்மையில்—"

"உண்மை எனக்கு வேண்டாம்! நான் கேட்கவே இல்லை." அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "பாலப் பிரிவுக்குத் தலைவர் நீங்கள்தான். நான் எப்போதுமே அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒரே ஒரு வேண்டுகோள்."

"சொல்லுங்கள்."

"சனிக்கிழமை கிளப்புக்குத் தாங்கள் சிரமப்பட்டு வரவேண்டியதில்லை."

இவ்விதமாக, ஒரு குண்டுகூடச் சுடாமல், ஜம்புநாதன் தலைவர் நாற்காலியில் அமர்ந்தார். துப்பாக்கி வாங்கியது பிரயோஜனமா இல்லையா என்று அதற்குப் பிறகு குழு விவாதிக்கவில்லை. சுந்தரராஜன் மட்டும் தனியாகப் போன் போட்டுக் கடையின் விலாசம் கேட்டார்.

புதுத் தலைவரிடம் வழிந்துகொண்டு வந்த முதல் ஆள் பெல்த்தியே. "தாங்கள் என்ன விளையாடுவீர்கள், மொஸ்யே?" என்று கேட்டான். துப்பாக்கிப் பேச்சே வேண்டாம் என்று ஜம்புநாதன் உள்ளதைச் சொன்னார்: "கேரம்."

அடுத்த வாரம் பாலப் பிரிவில் யாரும் பாலத்தைப் பற்றிப் பேசவில்லை. கேரம் என்றால் என்ன, எங்கே கிடைக்கும் என்று ஒருவரையொருவர் கேட்டார்கள். பெல்த்தியே லண்டனிலிருந்து ஒரு பலகை வரவழைத்தான். சாதாரணப் பலகை அல்ல. ஒரு பக்கம் கேரம், திருப்பினால் சதுரங்கம். ஒன்றின் விலையில் இரண்டு.

பிறகு ஒருநாள் அழாத குறையாக ஜம்புநாதன் அறையில் வந்து நின்றான்.

"சுங்க அலுவலகத்தில் பிடித்து வைத்துக்கொண்டார்கள், மொஸ்யே. ஒரு பக்கம் பார்த்து ஒன்று என்று எழுதினார்கள். திருப்பிப் பார்த்து இன்னொன்று என்று எழுதினார்கள். இப்போது இரண்டையும் சேர்த்து வைக்கச் சொல்கிறார்கள். ஒன்று காணவில்லையாம்! இந்த அநியாயம் தங்களுக்குத்தான் புரியும்."

ஜம்புநாதனுக்கு நன்றாகவே புரிந்தது. உலகத்திலேயே இது புரியக்கூடிய ஒரே மனிதர் அவர்தான். அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். சாய்வதற்கு வசதியான நாற்காலி. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"மொஸ்யே பெல்த்தியே," என்றார், "பதற்றப்படாமல் யோசித்துப் பாருங்கள். அந்த இன்னொன்றைக் கடைசியாக எங்கே வைத்தீர்கள்?"